முதலாளியிடம் தொழிலாளி எதைக் கற்றுக்கொள்கிறார்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

நம் ஆரணியில் தறியைப் பார்க்காதவர் யாரும் இல்லை. கோர்வைச் சேலை நெய்யப் பழைய முறையில் இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் குழியில் கால் வைத்து, மிதிகட்டையை மிதித்தபடி சேலையின் உடலுக்கு நாடா ஓட்டுவார். பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவான். பிள்ளைகளை இப்படிக் கூலிக்கு உட்கார வைப்பது இன்று சட்டப்படி குற்றம். ஆனால் இன்று ஐம்பது வயதைத் தாண்டிய நெசவாளர்கள் பலர் அந்த இடத்தில்தான் தொழில் கற்றார்கள். அறுந்த இழையை எப்படி இணைப்பது, ஜரிகையை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்று யாரும் பலகையில் எழுதிப் பாடம் நடத்தவில்லை. எல்லாம் பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

அந்த இடத்திலிருந்து பையன் வேறு சிலவற்றையும் பார்த்தான். இழை அறுந்தால் தலையில் குட்டு விழுகிறதா, 'பரவாயில்லடா, இப்படிப் பிடி' என்று சொல் வருகிறதா என்று பார்த்தான். கூலி கேட்கப் போனவரை முதலாளி எவ்வளவு நேரம் திண்ணையில் காக்க வைக்கிறார் என்று பார்த்தான். பட்டு நூலை எடை போட்டுக் கொடுத்தார்கள், நெய்த சேலையை எடை போட்டு வாங்கினார்கள். அப்போது தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் பார்த்தான். (வாங்கும்போது நிறைவாக அளந்து, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று ஒரு சூராவே தொடங்குகிறது என்பதை இந்த ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை.)

பதினைந்து வருடம் கழித்து அவனுக்குச் சொந்தத் தறி வருகிறது. அல்லது சென்னையில் ஒரு கடையில் மேனேஜர் ஆகிறான், சவூதியில் சூப்பர்வைசர் ஆகிறான், இங்கேயே அரிசி ஆலையில் மேஸ்திரி ஆகிறான். இப்போது அவனுக்குக் கீழே ஆள் இருக்கிறது. அந்த நாளைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

'நான் அடி வாங்கித்தான் தொழில் கற்றேன், இவனும் அப்படித்தான் கற்கணும்' என்று பலர் சொல்வதைக் கேட்கிறோம். சகோதரர்களே, இது தவறான கணக்கு. தொழிலைக் கற்றுத் தந்தது உங்கள் கண்ணும் கையும், வருடக்கணக்கான பழக்கமும்தான். அடி கற்றுத் தந்தது வேறு: ஒளிப்பது. பயந்து வேலை செய்பவர் இழை விட்டுப்போனதைச் சொல்ல மாட்டார், மடிப்புக்குள் மறைத்துவிடுவார். கடையில் சேலையை விரிக்கும்போதுதான் குறை தெரியும். இப்படி ஒளித்துப் பழகியவர் முதலாளியானால் என்ன ஆகும்? தம்மிடம் வேலை செய்பவர் ஒவ்வொருவரும் ஒளிக்கிறார் என்று சந்தேகப்படுவார். கத்துவார். அவரும் ஒளிக்கத் தொடங்குவார்.

பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் போகலாமே என்பீர்கள். வீட்டுக் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் முன்பணம் வாங்கியவர் எங்கே போவார்? கடனைக் காட்டி ஆளைக் கட்டி வைப்பதை இந்த நாட்டுச் சட்டம் 1976லேயே ஒழித்தது. 2003ல் வந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை, பக்கத்திலுள்ள காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் உழைத்ததைப் பதிவு செய்தது. விட்டுப் போக முடியாதவரிடம் காட்டும் கோபத்தைக் கண்டிப்பு என்று சொல்லாதீர்கள். அதன் பெயர் ளுல்ம், அநீதி.

மேலே இருப்பவரின் கொடுமை கீழே இருப்பவர் வழியாக இன்னும் கீழே இறங்குகிறது என்று மேலாண்மைப் பேராசிரியர்களும் இப்போது ஆய்வு செய்து எழுதுகிறார்கள். ஆனால் எல்லாரிடமும் அது இறங்குவதில்லை என்கிறார்கள். 'நான் இவரைப் போன்றவன் இல்லை' என்று உள்ளத்தில் பிரிந்து நிற்பவர்களிடம் சங்கிலி அறுகிறது.

உமர் (ரலி) அவர்களைப் பாருங்கள். இளமையில் தம் தந்தை கத்தாபின் ஒட்டகங்களை மேய்த்தவர்கள். தந்தை கடுமையானவர். களைக்கும்வரை வேலை வாங்குவார், குறை வைத்தால் அடிப்பார். கலீஃபாவான பிறகு மக்காவுக்கு அருகே அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்தபோது உமர் அவர்களே இதை நினைவுகூர்ந்ததாக வரலாற்று நூல்களில் வருகிறது. இப்போது தமக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் மேலதிகாரி என்று ஒரு மனிதர்கூட இல்லை என்றார்களாம். இப்படிப்பட்ட நிலையில் பழைய அடியைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு சுலபம்! உமர் அவர்களின் சுபாவத்தில் கடுமை போய்விடவில்லை, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடுமை திரும்பிய திசை வேறு. மக்களை அடிப்பதற்காக உங்களை அனுப்பவில்லை என்று ஆளுநர்களை எச்சரித்தார்கள். ஹஜ் காலத்தில் ஆளுநர்களை வரவழைத்து, அவர்களுக்குக் கீழே இருந்த சாதாரண மக்களின் புகாரைக் கேட்டார்கள்.

அனஸ் (ரலி) அவர்களுக்குக் கிடைத்தது வேறு அனுபவம். ஏறக்குறைய பத்து வயதில் நபி (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்தார்கள். நம் தறிப் பையனின் வயதுதான். பத்து ஆண்டு வேலை செய்தும் நபியவர்கள் ஒருமுறைகூடச் 'சீ' என்றதில்லை, 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேட்டதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. பத்து ஆண்டில் ஒரு சிறுவன் எத்தனை தவறு செய்திருப்பார்! வயதான பிறகும் மறக்காமல் சொல்லும் அளவுக்கு அந்தப் பொறுமை அவர்கள் மனதில் பதிந்திருந்தது.

கெட்ட முதலாளியிடம் இன்று மாட்டியிருக்கும் தம்பிக்கும் ஒரு வார்த்தை. 'ஸப்ர் செய்' என்று மட்டும் சொல்லி உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை. அநீதி செய்பவனுக்கும் உதவுங்கள் என்ற நபி (ஸல்) அவர்கள், அவன் கையைத் தடுப்பதே அந்த உதவி என்றும் விளக்கினார்கள். அந்தப் பொறுப்பு உனக்கு மட்டும் உரியதல்ல. அந்த முதலாளிக்கு ஸலாம் சொல்லிக் கை கொடுக்கும் நம் எல்லாருக்கும், இந்த ஜமாஅத்துக்கும் உண்டு.

முதலாளிகளே, உங்களுக்கும் ஒன்று. யாருக்காவது அநீதி செய்திருந்தால், தீனாரும் திர்ஹமும் இல்லாத நாள் வருவதற்கு முன் இன்றே அவரிடம் பொருத்தம் தேடிக்கொள்ளச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். நாளை சனிக்கிழமை. பல இடங்களில் கூலி போடும் நாள். கணக்கு நோட்டைத் திறக்கும்போது, ஆட்கள் உங்களுக்குத் தர வேண்டிய முன்பணத்துக்கு எதிர்ப் பக்கத்தில், நீங்கள் அவர்களுக்குத் தர வேண்டியதையும் எழுதுங்கள். எடையில் பிடித்தது, திண்ணையில் காக்க வைத்தது, மகன் முன்னால் திட்டியது எல்லாம் அதில் வரட்டும். அதில் ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்தால், வீடு எங்கே என்று விசாரித்து, அஸருக்குப் பிறகு ஒரு நடை போய்வாருங்கள்.