பழைய யெஸ்டியும் வீட்டுப் பழுதுபார்ப்பும்

கேள்வி: பழைய யெஸ்டி பைக்கை வீட்டிலேயே பழுதுபார்ப்போர் பெரும்பாலும் எங்கே தவறுகின்றனர்? (வாசகர், மைசூரு)

பதில்: மைசூருவின் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டபின், அங்கு உருவான ஜாவா, யெஸ்டி வண்டிகளின் பராமரிப்பில் பெரும்பகுதி உரிமையாளர்களின் கைக்கே வந்துவிட்டது. இவற்றில் இருப்பது இரு வீச்சு எஞ்சின்; அதாவது பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் கீழிறங்குவதற்குள் எரிப்புச் சுற்று முழுதும் முடிந்துவிடும் என்பதாலும், பிஸ்டனுக்கு உராய்வு நீக்கும் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே சென்றாக வேண்டும் என்பதாலும், டேங்கைக் கழுவி மாட்டியவர் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால், பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது. மெக்கானிக்குகள் 'சீஸ்' என்பது இதைத்தான். கழற்றி மாட்டும் வேலையில் பிழையே இல்லாதபோதும் நேர்வது என்பதால், இதுவே மிகக் கொடிய தவறு.

அடுத்தது மரை, அதாவது திருகு பிடிக்கும் சுருள்வெட்டு, தேய்தல்: சிலிண்டரின் மூடி அலுமினியம் என்பதால், எஃகு உடல் கொண்ட ஸ்பார்க் பிளக்கைக் கோணலாக வைத்து ஸ்பானரால் முறுக்கினால், மரை அழிந்து பிளக் நில்லாது போகும். பிளக்கை முதலில் விரலாலேயே சில சுற்று திருகி, தடையின்றி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும்.