சாவன துர்க்கமும் ஒரு கைவரைபடமும்

வரைபடம் என்றவுடன், பள்ளிப் பருவத்தில் ஆறுகளுக்கு நீலமும் மலைகளுக்குப் பழுப்பும் தீட்டி, மதிப்பெண் பெற்ற மறுநாளே மறந்துபோன தாள்தான் நம்மிற் பலருக்கு நினைவு வரும். சென்ற மார்கழி வரை எனக்கும் அப்படித்தான்.

அம்மார்கழியில் விடுதி நண்பர்கள் ஐவர் சாவன துர்க்கம் ஏறச் சென்றோம். பெங்களூருக்கு மேற்கே, மாகடி வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு 1226 மீட்டர் உயர்ந்து நிற்கும் பெரும்பாறை அது. கரிகுட்டா, பிளிகுட்டா என்று அதற்கு இரண்டு முகடுகள். கருங்குன்று, வெண்குன்று என்று நாம் சொல்லலாம். ஏறும்போது வழி தவறவில்லை. மேலே போகிற வழியெல்லாம் உச்சிக்குத்தானே போகும்! இறங்கும்போதுதான் இடர் வந்தது. பாறை எங்கு நோக்கினும் ஒன்றுபோலவே தோன்றியது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தோம். பச்சை வெளியின் நடுவே நீலப் புள்ளி ஒன்று நின்றது, அதுதான் நாங்கள். அந்தப் பச்சை எவ்வளவு செங்குத்து என்பதை அது சொல்லவில்லை. சிறிது நேரத்தில் கால் வைக்க இடமில்லாத சரிவின் விளிம்பில் நின்றோம். ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஞாயிறும் மறையத் தொடங்கியது.

கீழே ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர் எங்கள் கூச்சல் கேட்டு மேலேறி வந்தார். அவர் எங்களைத் திட்டவில்லை. கன்னடம் அறிந்த நண்பனிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, பாறை இடுக்கில் கிடந்த மண்ணில் குச்சியால் கோடு கிழித்தார். ஒரு வட்டம், அடிவாரத்துக் கோயில். ஒரு வளைவு, ஏரி. ஒரு கோடு, வழி. பிறகு மூன்று கூழாங்கற்களை எடுத்து மூன்று இடங்களில் வைத்து, அங்கெல்லாம் போகக்கூடாது என்றார். நாங்கள் நின்ற இடத்திலும் ஒரு கல் இருந்தது.

வழியைக் காட்டுவதோடு, போகக்கூடாத இடத்தையும் காட்டுவதே வரைபடம் என்று அந்த மூன்று கற்கள் எனக்குக் கற்பித்தன. இது நம் முன்னோர் அறியாத கருத்தன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாத்தைப் புரட்டிப் பாருங்கள். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்களுக்கு வழி சொல்வது அது. 583 அடிகளில் பெரும்பகுதி மலைவழிதான். காட்டுப் பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், விடிந்தபின் செல்க. பாம்பு உறையும் குழிகள் உண்டு, பார்த்துச் செல்க. வழுக்கும் இடம் இது என்று ஒவ்வோர் இடருக்கும் ஓர் எச்சரிக்கை! பரிசிலின் பெருமையை மட்டும் பாடிவிட்டுப் புலவர் விட்டுவிடவில்லை. தேர்வுக்காக அந்நூலைப் படித்தபோது அது ஒரு வழிப்படம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை, வெட்கம்தான்.

இனி, படம் எழுதும் முறைக்கு வருகிறேன். வெறுந்தாளில் கற்பனையாகத் தொடங்க வேண்டா. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரிசையில் 57 எச்/5 என்னும் தாள் சாவன துர்க்கத்தைக் கொண்டது. அதில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். அதை நான்கு மடங்கு பெருக்கிக் கட்டத்தாளில் எழுதினேன். அத்தாளில் மெல்லிய பழுப்பு வளைகோடுகள் காணப்படும். அவை சமவுயரக் கோடுகள். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே உயர வேறுபாடு 20 மீட்டர். கோடுகள் விலகி நின்றால் சாய்வு மென்மை. நெருங்கி ஒட்டினால் செங்குத்து. மார்கழியில் நாங்கள் நின்ற இடத்தைத் தேடிப் பார்த்தேன். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன! அச்சிட்ட தாளைப் பார்த்திருந்தால் கண் அதைத் தாண்டிப் போயிருக்கும். கையால் எழுதும்போது பென்சில் முனைக்கு அங்கே இடமில்லை. அதனால் மனமும் அங்கே நின்றது.

தொலைவை அளக்க நம் காலே கோல். 1865இல் திபெத்துக்குப் புறப்பட்ட நயின்சிங் ராவத், 108 மணிக்குப் பதில் 100 மணி கோத்த செபமாலை ஏந்தி, நூறு அடிக்கு ஒரு மணி தள்ளி, லாசா வரை அளந்து சென்றார். அத்தனை பொறுமை நமக்கு வராது. விடுதித் திடலில் 100 மீட்டரை நடந்து பாருங்கள். எனக்குச் சமதரையில் 132 எட்டு. பாறைச் சரிவில் 170.

தொலைவை நேரமாக மாற்றுவது அடுத்த வேலை. நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வோர் 2000 அடிக்கும் மேலும் ஒரு மணி. வரைபடத்தில் 20 சமவுயரக் கோடுகளைத் தாண்டவேண்டுமென்றால் 400 மீட்டர் ஏற்றம். அதற்கு மட்டும் 40 நிமிடம் கூட்டவேண்டும். இது பழகிய கால்களின் கணக்கு. நம்மவர் ஓய்வு, உணவு, நிழற்படம் ஆகியவற்றுக்கு இதை இருமடங்காக்குவதே நன்று.

இந்த ஊரில் இருந்துகொண்டு அளவையைப் பற்றிப் பேசும்போது லாம்டனை விட்டுவிட முடியாது. 1800இல் இதே பெங்களூர்ச் சமவெளியில் 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தவர் அவர். சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், ஏற்கப்படாமல் திரும்பிவந்த சங்கிலி அது! அதே சங்கிலியோடு 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கிய வேலைதான் பின்னர் இமயம்வரை சென்ற மாபெரும் முக்கோண அளவை. அடிக்கோடு பிழைத்தால் அதன்மேல் எழும் முக்கோணம் யாவும் பிழைக்கும். அதனால்தான் அந்த ஏழரை மைலுக்கு அவ்வளவு பாடு. நம் படத்திற்கு அடிக்கோடு, புறப்படும் இடமும் நேரமும்.

படத்தில் நான் சிவப்பு மையால் எழுதியது ஒன்றே ஒன்று. மாலை 5.30க்கு அடிவாரத்தில் இருக்கவேண்டும். இறங்க 2 மணி. வழி தவறினால் தேட 1 மணி. ஆகவே திரும்பும் வேளை 2.30. உச்சி எட்டினாலும் எட்டாவிட்டாலும் அதுவே வேளை. படத்தின் ஒரு படியை விடுதித் தோழனிடம் கொடுத்துவிட்டுச் செல்வதும் கட்டாயம். வனத்துறையின் அனுமதியும் நேர வரம்பும் புறப்படுமுன் கேட்டறிய வேண்டியவை. சிறுத்தையும் கரடியும் உள்ள காடு அது.

மாசியில் அதே ஐவரும் மீண்டும் சென்றோம். எட்டுகளை எண்ணி, படத்தில் குறித்து, திருத்தி, அந்தக் குறிப்பிலேயே பொழுதைப் போக்கிவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மணி 2.30 ஆனபோது உச்சியின் நந்தி மண்டபம் கண்ணெதிரே தெரிந்தது. "இன்னும் இருபது நிமிடந்தானடா!" என்றான் ஒருவன். வாதம் சூடேறியது. கணுக்கால் பிசகியவன் ஒன்றும் பேசாமல் படத்தை விரித்துச் சிவப்பு எழுத்தின்மேல் விரலை வைத்தான். திரும்பினோம். அன்று இரவு முழுவதும் அந்த இருபது நிமிடத்தைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை.

மூன்று கூழாங்கற்களின் இடங்களும் குறித்த அந்தப் படம் மன்ற அறையில், செய்தித்தாள் அடுக்குக்கு மேல் தொங்குகிறது. உச்சிக்குக் கீழே உள்ள பகுதி இன்னும் வெறுமையாக இருக்கிறது. செல்வோர் படியெடுத்துக்கொண்டு போய், கண்டதைக் குறித்துத் தருக.