பேனாவா, தட்டச்சா?

அமெரிக்க விடுதிப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். 1778-இல் தொடங்கிய ஆண்டோவர், 1781-இல் தொடங்கிய எக்ஸிடர் என்று பெயர்களைக் கேட்டதுமே பிள்ளைகளுக்குக் கை நடுங்குகிறது. என் பிள்ளைகள் இருவரும் இந்த வழியில் போனவர்கள். விண்ணப்பக் கட்டுரையைக் கையால் எழுதுவதா, தட்டச்சு செய்வதா என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவைதான்.

1. பள்ளி என்ன கேட்டிருக்கிறது என்று முதலில் படி. இன்று பெரும்பாலும் இணையப் படிவம்தான். தட்டச்சைத் தவிர அங்கே வழியில்லை. "மாணவரின் கையெழுத்தில்" என்று கேட்டிருந்தால் கையால்தான் எழுத வேண்டும். எதுவானாலும் சரி என்றால் தட்டச்சு செய். நூற்றுக்கணக்கான கட்டுரைகளைப் படிக்கும் கண்ணுக்கு அது உதவி.

2. எப்படி அனுப்பினாலும், முதல் வரைவு காகிதத்தில் இருக்கட்டும். திரையில் முதல் வாக்கியத்தையே பத்து முறை அழித்து எழுதிக்கொண்டிருப்பாய். பேனா பிடித்தால் மனம் முன்னே நகரும். என் மகன் கணினியில் "தலைமைப் பண்பு" பற்றி இரண்டு மாலை எழுதினான். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கட்டுரை. ரூல் போட்ட நோட்டைக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில், பக்கத்து வீட்டுத் தாத்தாவின் வாசலில் பனி வாரப் போனதும், அவர் இவனுக்காகவே மண்வெட்டியைக் கதவோரம் சாய்த்து வைத்திருந்ததும் வந்தது. அதுதான் அவன் கட்டுரை.

3. கையெழுத்துப் பிரதி கேட்டால், முடித்த கட்டுரையைச் சொல் எண்ணிப் பார்த்துவிட்டு, அதைப் பார்த்துக் கையால் எழுது. கோடில்லாத தாளுக்கு அடியில் அழுத்தமாகக் கோடு போட்ட தாளை வை. கறுப்பு மை நல்லது. தவறினால் ஒற்றைக் கோட்டால் அடி. வெள்ளை மை பூசாதே. கூட்டெழுத்து வராதே என்று கலங்க வேண்டாம். அமெரிக்கப் பள்ளிகளுக்காக 2010-இல் வந்த காமன் கோர் பாடத்தரத்திலேயே அது இல்லை. உன் வயதில் பலருக்கும் தெரியாது. தனித்தனி எழுத்தாக, தெளிவாக எழுது.

4. இது பெற்றோருக்கு. கட்டுரையில் கை வைக்காதீர்கள். மூத்தவளின் கட்டுரையில் நான் கை வைத்தேன். நான்கைந்து வாக்கியங்களை "அழகாக" மாற்றினேன். நேர்காணலில் அவற்றில் ஒரு சொல்லைக் காட்டி, "இதைக் கொஞ்சம் விளக்கு" என்றார்கள். குழந்தைக்கு நா எழவில்லை. காரில் திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவே இல்லை. அந்த மௌனம் இன்னும் எனக்கு வலிக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வான எஸ்.எஸ்.ஏ.டி.யில் பிள்ளை தனியாக உட்கார்ந்து 25 நிமிடத்தில் ஒன்று எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் பிரதி பள்ளிகளுக்குப் போகிறது. அதையும் வீட்டில் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே பிள்ளையின் குரலா என்று தெரிந்துவிடும்.

5. அந்த 25 நிமிடத்துக்கு வாரம் ஒரு முறை பழகு. தாளில் தேர்வு எழுதப் போகிறவர் தாளில் பழகட்டும். கணினியில் எழுதப் போகிறவர் கணினியில். கொடுத்த இரண்டு தலைப்புகளில் எது வேண்டும் என்று உடனே முடிவு செய்துவிடு. கடைசி மூன்று நிமிடம் திரும்பிப் படிக்க.

6. எழுதும்போது கை வலிக்கிறதா, எழுத்துகள் மாறி விழுகின்றனவா? அதை ஒளிக்காதே, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. டிஸ்கிராஃபியா என்னும் எழுதும் சிரமம் உள்ளவர்கள் தட்டச்சுக்கு அனுமதி கேட்கலாம். மருத்துவர் அல்லது உளவியலாளரின் அறிக்கை தேவைப்படும், கோடையிலேயே தொடங்கு.

7. தட்டச்சிலும் பொறி உண்டு. ஒரு பள்ளிக்கு எழுதியதை இன்னொரு பள்ளிக்கு ஒட்டும்போது பழைய பள்ளியின் பெயர் அப்படியே நின்றுவிடும். ஒட்டியதும் பத்திகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதும் உண்டு. அனுப்பும் முன் அச்செடுத்து, வாய்விட்டுப் படி.

8. பல பள்ளிகளுக்குக் கடைசி நாள் ஜனவரி 15. கையெழுத்துத் தாளை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டுமென்றால் குளிர்கால விடுமுறைக்கு முன்பே செய்துவிடு. ஃபோனில் எடுப்பதானால் பகலில், ஜன்னலோரம், உன் நிழல் தாளில் விழாதபடி எடு. மூலத்தாளைப் பத்திரப்படுத்து, பள்ளி அதைத் தபாலில் கேட்டாலும் கேட்கும்.