புத்தகத்தில் சிவப்பு, தொலைநோக்கியில் சாம்பல்

கடந்த ஜனவரியில் அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு. பள்ளி மைதானத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் சில பெற்றோரும் கூடியிருந்தோம். 114 மி.மீ. விட்டமுள்ள எதிரொளிப்புத் தொலைநோக்கியை ஓரியனின் வாள் பகுதிக்குத் திருப்பி வைத்திருந்தேன். முந்தைய நாள் வகுப்பில், "நெபுலா ரோஜாப்பூ மாதிரி செவப்பாத் தெரியும், பாருங்க" என்று சொல்லியிருந்தேன். அது என் தவறு. முதலில் பார்த்த மாணவி நிமிர்ந்து, "சாம்பலாத்தான் இருக்கு டீச்சர். அப்ப புத்தகத்துல இருக்கிற படம் பொய்யா?" என்றாள்.

அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள்தான் பேசினோம். மங்கிய ஒளியில் நம் விழித்திரையின் கூம்பு செல்கள் வேலை செய்வதில்லை. குச்சி செல்களுக்கோ நிறம் தெரியாது. தவிர, கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. கேமரா சேமிக்கும். 1880 செப்டம்பரில் ஹென்றி டிரேப்பர் இதே நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தபோது 51 நிமிடம் ஒளியை வாங்கினார். மூன்றாண்டு கழித்து ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்தில், கண்ணுக்குத் தென்படாத விண்மீன்களும் பதிவாயின.

"அப்ப நாமும் எடுப்போம்" என்றார்கள்.

கண்ணருகு லென்சுக்கு நேராக என் கைப்பேசியைப் பொருத்தி 8 விநாடி வைத்தோம். விண்மீன்கள் எல்லாம் கோடுகள்! இதற்கான காரணத்தைப் பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அதாவது விநாடிக்கு 15 வில்விநாடி. எங்கள் உருப்பெருக்கம் 36. எனவே 8 விநாடியில் 4,320 வில்விநாடி, அதாவது 72 வில்நிமிடம். வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலவின் அகலமே சுமார் 30 வில்நிமிடம்தான். தொலைநோக்கியைச் சுழற்றும் மோட்டார் எங்களிடம் இல்லை. ஆகவே 1 விநாடிப் படங்களாக 70 எடுத்து, ஆட்டம் கண்ட ஆறைக் கழித்தோம்.

மீதி 64 படங்களையும் ஹைடெக் லேப் கணினியில் இலவச மென்பொருள் கொண்டு ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தோம். படத்தில் அங்கங்கே தூவியதுபோல் தெரியும் புள்ளி இரைச்சல், படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 64 படங்களில் எட்டில் ஒரு பங்காகும். இதை விளக்க, ஒரே பெஞ்சின் நீளத்தை வகுப்பில் ஒவ்வொருவரையும் மில்லிமீட்டர் வரை அளக்கச் சொல்லிச் சராசரி காணச் செய்தேன். புள்ளியியல் பாடத்துக்கும் அது உதவியது. (கைப்பேசியின் 'நைட் மோட்' தானாகவே செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்.)

திரையில் இளஞ்சிவப்பு வந்தது. உடனே அதே மாணவி, "இது போன் போட்ட கலரா?" என்றாள். நிறத்தைச் சற்றுக் கூட்டியது நாங்கள்தான், அதை ஒப்புக்கொண்டேன். ஆனால் சிவப்பு உண்மையானது: அருகிலுள்ள வெப்பமான இளம் விண்மீன்களால் அயனியான ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் உமிழும் ஒளி அது. எல்லாப் படங்களும் அப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. ஹப்பிள் 1995இல் கழுகு நெபுலாவில் எடுத்த புகழ்பெற்ற தூண்களின் படத்தில், அதே ஹைட்ரஜனுக்குப் பச்சை நிறம் கொடுத்திருக்கிறார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவதற்காக.

எங்கள் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அடியில் பிள்ளைகள் எழுதியது: "கைப்பேசி, 1 விநாடி, 64 படங்கள். நிறம் கூட்டப்பட்டது." அந்த மாணவி தன் பாடப்புத்தகப் படத்தின் கீழே பென்சிலால் எழுதியிருந்தாள்: "எந்தக் கேமரா? எவ்வளவு நேரம்?"