40 ஜூல் அம்பும் ஒரு மானும்

ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிப்போம். கிரிக்கெட் பந்து 160 கிராம். 140 கி.மீ. வேகத்தில் வந்தா அதன் இயக்க ஆற்றல் சுமார் 120 ஜூல். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பயன்படுத்துற பாரம்பரிய மரவில்லை எடுத்துக்கோங்க. அம்பு 32 கிராம், வேகம் நொடிக்கு 50 மீட்டர்னு வெச்சுப்போம். ஆற்றல் வெறும் 40 ஜூல்! பந்தோட ஆற்றலில் மூணுல ஒரு பங்கு.

அப்போ 60 கிலோ மான் எப்படி விழுது? அம்பு மோதிக் கொல்றதில்லை, அறுத்துக் கொல்லுது. முனையில் சவர பிளேடு மாதிரி கூர்மையான அகன்ற இரும்பு இருக்கும். அது நுரையீரலையும் ரத்தக்குழாய்களையும் அறுக்குது. ரத்தம் போய், மூளைக்கு ஆக்சிஜன் நின்னாதான் மான் விழும். அதுவரை ஓடும். சரியான இடத்தில் பட்டாலே 100 மீட்டர் ஓடுறது சாதாரணம்.

எவ்வளவு தூரத்திலிருந்து எய்யலாம்? 18 மீட்டர் தூரத்துக்கு அம்பு போக 0.36 நொடி. நாணோட சத்தம் 0.05 நொடியில் மான் காதுக்குப் போயிடும். சத்தம் கேட்ட மான், பாய்றதுக்காக முதல்ல உடம்பைக் கீழே தாழ்த்தும். அது சுதாரிக்க 0.1 நொடி போனாலும், மிச்சம் 0.2 நொடி இருக்கு. அந்த நேரத்தில் புவியீர்ப்பால் மட்டும் 20 செ.மீ. இறங்கலாம். நுரையீரலைக் குறிவெச்ச அம்பு முதுகுக்கு மேல போயிடலாம், இல்லன்னா மானைக் காயப்படுத்திட்டு விட்டுடலாம்.

கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சிய இஷி, மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்கு வில் வேட்டை கத்துக்கொடுத்தார். அவர் இலையை மடிச்சு வாயில் வெச்சு குட்டிமான் மாதிரி குரல் கொடுத்து மானைக் கிட்ட வரவழைப்பார். வில்லோட சக்தியைக் கூட்டாம தூரத்தைக் குறைச்சார். நல்ல இன்ஜினியரிங் இல்லையா?

அம்பு பட்ட பிறகுதான் பெரிய சோதனை. உடனே துரத்தக் கூடாது. மான் கடைசியா தெரிஞ்ச இடத்தை மனசில் குறிச்சுட்டு, அம்பைத் தேடிப் பார்க்கணும்.

- நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம்: நுரையீரல். அரை மணி நேரம் காத்திருங்க.
- அடர்சிவப்பு: கல்லீரலா இருக்கலாம். மூணு நாலு மணி நேரம்.
- பச்சை நிறக் கழிவு, நாற்றம்: குடல். எட்டு மணி நேரத்துக்கு மேல.

ஏன் காத்திருக்கணும்? துரத்தாத மான் கொஞ்ச தூரத்தில் படுத்துடும், அங்கேயே உயிர் போகும். துரத்தினா பயத்தில் எழுந்து எங்கேயோ ஓடி, யாருக்கும் கிடைக்காம வலியில் சாகும். தேடும்போது ரத்தத் தடத்தை மிதிக்காம பக்கவாட்டில் நடக்கணும். கடைசித் துளி கிடைச்ச இடத்தில் ஒரு அடையாளம் வெச்சுட்டுத்தான் அடுத்த அடி. எய்தவங்கதான் தேடிக் கண்டுபிடிக்கணும்ங்கிறது அங்கே வேட்டை ஒழுக்கம்.

இந்தியாவில் மான் வேட்டை 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நமக்கு இதில் வேற பாடம் இருக்கு. கருவியோட வரம்பு தெரிஞ்சவங்க, எய்யாம விடவும் தெரிஞ்சுக்கணும். எய்துட்டா, கடைசி வரை அதுக்குப் பொறுப்பு ஏத்துக்கணும்.

இப்போ அதே கணக்கை 30 மீட்டருக்குப் போட்டுப் பாருங்க. மான் எவ்வளவு இறங்கும்? விடை வந்ததும், நீங்க எய்வீங்களான்னு சொல்லுங்க.