மூழ்கிய ஊரும் பழைய வரைபடமும்

கேள்வி: அணைக்கட்டில் மூழ்கிப்போன ஒரு பள்ளத்தாக்கைப் பற்றி அறிய, பழைய நிலவரைபடத்தை எந்த அளவு நம்பலாம்?

பதில்: அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஸ்விஃப்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். பாஸ்டனின் குடிநீருக்காகக் குவாபின் நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது டேனா, என்ஃபீல்ட், கிரீனிச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்களும் 1938 ஏப்ரலில் சட்டப்படியே இல்லாமல் போயின. அதற்கு முன் அரசு நில அளவைத் துறை 1:62,500 அளவில் வெளியிட்ட தாள்களில் அவை உயிரோடிருக்கின்றன. 20 அடிக்கு ஒரு சமவுயரக் கோடு. 520, 540 அடிக் கோடுகளுக்கு நடுவே விரலை ஓட்டினால் இன்றைய கரை கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். அன்றைய குன்றுகள் சில தீவுகளாகப் பிரிந்து நிற்பதையும் காணலாம். ஆற்றோரமாக ஓடிய ரயில் பாதை எந்தெந்த ஊர்களைக் கோத்தது என்பதும் தெளிவு.

இந்த வரைபடமே சமதளப் பலகை என்ற அளவைக் கருவியை வைத்துக்கொண்டு, அளந்தது பாதி கண்ணளவு பாதியாக வரைந்ததுதானே என்பார்கள். உண்மைதான். அதனால் ஒற்றைக் கோட்டின் உயரத்தைவிட, எதற்குப் பக்கத்தில் எது என்பதையே நம்ப வேண்டும். வீடுகளில்தான் கவனம் தேவை. தாளில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் 31 மீட்டர். ஆகவே கறுப்புப் புள்ளி வீட்டின் இடத்தைச் சொல்லும், பருமனைச் சொல்லாது. அங்கே குடியிருந்தவர் யார், நிலம் யாருடையது என்பதற்குப் பத்திரங்களையும் மக்கள்தொகைப் பதிவையும்தான் புரட்ட வேண்டும்.