சிமெண்ட் வைத்தா, வைக்காமலா? இடுப்பு மூட்டு மாற்றும் முன்

இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், திருத்தணிக்காரர் மனசில் முதலில் எழும் கேள்வி, மறுபடி முருகன் கோயிலின் 365 படியும் ஏற முடியுமா என்பதுதான். பெரும்பாலானவர்களால் சில மாதங்களில் முடியும். ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். முதல் வருஷம் ஆடிக் கிருத்திகை நெரிசலைத் தவிருங்கள். மலை மேல் வரை வண்டிப்பாதை இருக்கிறது.

அடுத்த கேள்வி சிமெண்ட். இது ஒரு அக்ரிலிக் கலவை. சில நிமிஷங்களில் இறுகி, செயற்கை மூட்டை எலும்போடு பிடித்துக்கொள்ளும். 1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி நிலைநிறுத்திய முறை இது. சிமெண்ட் இல்லாத மூட்டில் டைட்டானியத்தின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். அதை எலும்புக்குள் இறுக்கி அடித்து வைப்பார்கள். பிறகு எலும்பே வளர்ந்து அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்த வளர்ச்சிக்குத் திடமான எலும்பு வேண்டும்.

ஆகவே வயதும் எலும்பும்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டீராய்டாலோ குடியாலோ ரத்த ஓட்டம் நின்று மூட்டு கெட்ட நாற்பது வயதுக்காரருக்கு நான் சிமெண்ட் இல்லாததையே சொல்வேன். எழுபத்தைந்தைத் தாண்டிய, எலும்பு மெலிந்த பாட்டிக்குத் தொடைப்பகுதியிலாவது சிமெண்ட் வேண்டும். மெலிந்த எலும்பில் இறுக்கி அடித்தால் ஆபரேஷனின்போதோ, அடுத்த சில மாதங்களிலோ தொடை எலும்பு விரிசல் விடும் அபாயம் கூடுதல். கீழே விழுந்து இடுப்பு முறிந்த அறுபது வயதைக் கடந்தவர்களிடம் பிரிட்டனில் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்விலும், பாதி மூட்டு (பந்துப் பகுதி மட்டும்) மாற்றியவர்களில் சிமெண்ட் வைத்தவர்களே நன்றாகத் தேறினார்கள். சிமெண்டுக்கும் ஒரு ஆபத்து உண்டு: வைக்கும் நேரத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இடைப்பட்ட வயதினருக்கு இடுப்பெலும்பில் பொருந்தும் கிண்ணத்தைச் சிமெண்ட் இல்லாமலும் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டைச் சிமெண்டோடும் வைக்கும் கலப்பு முறை நல்லது.

"புதுசு, விலை கூடுதல், அதனால் நீண்ட நாள் வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வந்த ஆய்வின்படி, பழைய வகை இடுப்பு மூட்டுகளிலேயே ஏறக்குறைய 58 சதவீதம் 25 வருஷம் நீடிக்கின்றன. நெடுங்காலத்தில் மூட்டைத் தளர்த்திய பெரிய காரணம் உரசல். கிண்ணத்தின் உள் உறையில் பந்து உரசி உதிரும் பிளாஸ்டிக் துகள்கள் சுற்றியுள்ள எலும்பைக் கரைத்துவிடும். 1990களின் இறுதியில் வந்த குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் இந்தத் தேய்மானத்தைப் பெரிதும் குறைத்தது. எனவே பந்து எது, உறை எது என்பதையும் கேளுங்கள்.

அப்படிக் கேட்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஏ.எஸ்.ஆர். இருக்கிறது. உலோகத்தின் மேல் உலோகம் உரசும் அந்த மூட்டை டிபியூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. அவர்களில் ஏராளமானோரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

திருத்தணியிலிருந்து சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை மூன்றுமே ஒரே நாளில் போய் வரும் தூரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கே செல்லும், எந்த வகை மூட்டுக்குச் செல்லும் என்று சேருவதற்கு முன்பே விசாரியுங்கள். எதைப் பொருத்தினாலும், மூட்டின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஒட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். வலி இல்லாவிட்டாலும் டாக்டர் குறித்த தேதியில் எக்ஸ்ரே எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு கரைவது வலிக்கு முன்பே படத்தில் தெரிந்துவிடும்.